மாடி வீட்டுச் செங்கா

எங்கள் வீட்டில் அதிகமாகப் புழங்கும் வாக்கியம் "ஏன் கேக்குறே?" என்பது. குழம்பில் உப்பு சரியா என்று மகள் கேட்டால்கூட என் வாயிலிருந்து முதலில் அதுதான் வரும். உப்பு கூடிவிட்டதா, வெளியே யாராவது ஏதாவது சொன்னார்களா, இவளுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று, பதில் சொல்வதற்குள் என் மனசு தஞ்சாவூரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். இத்தனைக்கும் நான் வேளாண்மை அலுவலகத்தில், விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள். அங்கே யாரிடமும் ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த நல்ல பழக்கம் வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும்.

அந்த வாக்கியத்தை ஒரு தடவைகூடச் சொல்லாத ஒருத்தி எங்கள் மாடிப் போர்ஷனில் இரண்டு வருஷம் குடியிருந்தாள்.

உகாண்டாவில், கம்பாலா நகரத்துக்காரி. வல்லம் சாலையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் மேற்படிப்பு படிக்க வந்தவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் தெருவிலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் செங்கா. அவர்கள் மொழியில் அப்பாவோடு பிறந்தவளை, அதாவது அத்தையை, அப்படித்தான் அழைப்பார்களாம். நம் காதுக்கு ஏதோ குத்தாலம் பக்கத்து வயல்காட்டில் நடவு நடும் பெண்ணின் பெயர்போல இருந்தது. அதனாலேயே ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு வீடு விடுவதா என்று என் கணவரிடம் கேட்டபோது மஸ்கட்டிலிருந்து அவர் தயங்கினார். "வெளிநாட்டுக்காரங்களுக்கெல்லாம் எதுக்கு? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க?"

"நீங்களும் ஒரு வெளிநாட்டுல, ஒருத்தர் வீட்டு மாடியிலதான் குடியிருக்கீங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

எதிர்வீட்டு அம்மாள்தான் விடவில்லை. "ஆப்பிரிக்காக்காரிய வெச்சிருக்கீங்களாமே. என்ன சாப்பிடுவாங்களோ, என்ன வாடை அடிக்குமோ?" என்றார். அந்த வாரமே எங்கள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. திருவையாற்றுச் சந்தையிலிருந்து ஒரு முழு வாழைத்தாரைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு செங்கா இறங்கினாள். வாழைக்காயை உரித்து, வாழை இலையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து மசித்தாள். வேர்க்கடலை அரைத்து ஒரு குழம்பு வைத்தாள். எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. அந்த அம்மாள் நாக்கில் வைத்து யோசித்துவிட்டு, "நம்ம பொடிமாஸ்ல தாளிக்க மறந்தாப்ல இருக்கு" என்றார். அடுத்த முறை அவரே கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொண்டுபோய் அதன்மேல் கொட்டிவிட்டு வந்தார். செங்கா அதையும் ருசித்துச் சாப்பிட்டாள்.

தமிழை அவள் காய்கறி வண்டிக்காரரிடமும் என் மகள் நிவேதாவிடமும் கற்றுக்கொண்டாள். மரியாதை என்றால் 'ங்க' போட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவள் எல்லோருக்கும் பங்கிட்டாள். "பூனை, கீழ எறங்குங்க" என்பாள். தண்ணீர் வராத குழாயைப் பார்த்து, "வாங்க, ப்ளீஸ் வாங்க" என்பாள்.

சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பாள். அப்போதுதான் பிள்ளைகள் வருவார்கள். ஆங்கிலம் பேசிப் பழக என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான். எட்டாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது படிக்கிற பையன்களும் பெண்களும். என் சமையலறை ஜன்னலுக்கு நேர்மேலே அந்தப் படி. முதலில் கிரிக்கெட், அப்புறம் சினிமா, அப்புறம் மெல்ல வேறு பேச்சு.

"செங்கா, அந்த மூணு நாள்ல ஊறுகா ஜாடியத் தொட்டா கெட்டுப்போயிடுமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கம்பாலாவுல தொட்டேன், கெடல. தஞ்சாவூர் ஊறுகாய் எப்படின்னு தெரியாதுங்க. தொட்டுப் பாத்துச் சொல்றேன்."

நிஜமாகவே கீழே வந்து என் நார்த்தங்காய் ஜாடியைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து விரலால் தொட்டுவிட்டுப் போனாள். இன்ன நாள் என்று என்னிடம் சொல்லிவிட்டே தொட்டாள். எனக்குத்தான் முகம் சிவந்தது. ஒரு மாதம் கழித்துப் படியிலிருந்து முடிவு அறிவிக்கப்பட்டது: "ஊறுகாய் காலி ஆயிடுச்சுங்க. கெட்டுப்போக டைமே கெடைக்கல."

குரல் உடைந்து பாட்டு வகுப்பில் கேலிக்கு ஆளான பையனுக்குப் பதில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், "இந்தப் பாடத்த வீட்டுல படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போகும் அந்த அறிவியல் பாடத்தை, படம் போட்டு, பெயர் சொல்லி, விளக்கினாள். கர்ப்பம் எப்படி உண்டாகிறது, எப்படி உண்டாவதில்லை, எந்த நோய் எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவர் தொட்டால் குற்றம் யாருடையது என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. "தொட்டவங்களோடது. உங்களோடது இல்ல. ஒருநாளும் உங்களோடது இல்ல" என்றாள். அப்போதும் அவள் ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன்னோடு அடுத்த நாளும் கடலை உரிக்க வரும்படி அந்தக் குழந்தையை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தையின் அம்மா அடுத்த வாரம் டியூஷனை மாற்றினார் என்பது மட்டும் தெரியும்.

ஜன்னலோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் வெங்காயத்தைக் கருக விடுவேன். என் மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். பதினாறு வயது.

புகார் வந்தது. வராமல் இருக்குமா? எதிர்வீட்டு அம்மாளேதான். "மாடியில என்ன நடக்குதுன்னு பாக்குறீங்களா இல்லையா? எம் பேத்தி வந்து, கருப்பைன்னா இந்த அளவுதான் இருக்கும்னு எனக்குக் கைய மடக்கிக் காட்டுது. எனக்கு நாலு பிள்ள பொறந்தாச்சு, இப்ப எதுக்கு எனக்கு அந்த அளவு?"

நான் மாடிக்குப் போனேன். நேரடியாகச் சொல்ல வாய் வரவில்லை. "பசங்க இதெல்லாம் ஏன் கேக்குறாங்க?" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, வெளிய போயிட்டு வாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டில் என்னையே வெளியே போகச் சொல்கிறாளே!

அவள் சிரித்தாள். கம்பாலாவில் அவள் வேலை பார்த்த இடத்து விதி அது என்றாள். மினிபஸ்கள் நூற்றுக்கணக்கில் வந்துபோகும் நிலையத்தின் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு கூடம். நகரத்துப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்ல உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது வாய்தவறி "ஏன் கேக்குறே?" என்று கேட்டுவிட்டால், எழுந்து வெளியே போய், கதவைத் தட்டி, மறுபடி உள்ளே வர வேண்டும். டாக்டராக இருந்தாலும் சரி.

"அக்கா, எங்க ஊர்ல பொண்ணு பெருசானா சொல்லிக்கொடுக்குறது அம்மா இல்ல. அத்தைதான். உடம்பு, கல்யாணம், குழந்தை, எல்லாம் அத்தை வேலை. ஆனா அத்தை கிராமத்துல இருக்காங்க. பசங்க சிட்டிக்கு வந்துட்டாங்க. சிட்டியில அத்தை இல்ல. போன் இருக்கு, போன்ல கண்டபடி படம் இருக்கு, அத்தை மட்டும் இல்ல. அதனால நாங்க கூலிக்கு அத்தை."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் வந்தாளாம். பள்ளிக்கூட ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நாள் தள்ளிப்போனால் எத்தனை நாள் வரை பயப்படாமல் இருக்கலாம் என்று கேட்டாள். "நான் கேட்டேன் அக்கா, ஏன் கேக்குறேன்னு. அன்பாத்தான் கேட்டேன். அந்தப் பொண்ணு, சும்மா, பிரெண்டுக்காகன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. திரும்ப வரவே இல்ல. அவ மூஞ்சி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பேர் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு ஸ்வெட்டரையும் பாப்பேன்."

சொல்லிவிட்டுக் கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். நான் பிள்ளைகளை நிறுத்தச் சொல்ல வந்ததை மறந்து, அளவாக ஒரு கைப்பிடிக் கடலை வாங்கிக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டு அம்மாளிடம், பரீட்சைக்கு வருகிற பாடம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நம் ஊர் வழக்கங்களில் அவளுக்கு அலுக்காத வியப்பு. ஆடிப் பதினெட்டுக்குப் புதுப்படித்துறையில் காவிரிக்கு நாங்கள் சித்ரான்னம் படைத்தபோது, எதற்கு ஐந்து வகைச் சாதம் என்றாள். காவிரித்தாய் மாசமாக இருக்கிறாள், மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாகக் கொடுக்க வேண்டாமா என்று என் நாத்தனார் விளக்கினார். செங்கா கரையோரம் திரண்டிருந்த மொத்தக் கூட்டத்தையும் பார்த்தாள். "ஆறு மாசமா இருக்குன்னு ஊரே சத்தமா சொல்லுது. ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். அதில் கிண்டல் இல்லை. அவளுக்குக் கிண்டல் தெரியாது. நமக்கே உறைத்தால்தான் உண்டு.

அதேபோல்தான் குத்தாலத்தில். என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். நல்ல நஞ்சை, நல்ல மனசு, நிவேதா என்றால் உயிர். அவர் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் என் கணவர். அவர் மஸ்கட்டிலிருந்து வர முடியாமல் நான்தான் சீர்வரிசையோடு போனேன். செங்காவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். பேருந்து நிறுத்தத்திலேயே பேனர் வரவேற்றது. பிள்ளை மூன்று உடையில் மூன்று படமாக நிற்கிறாள். சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட சித்தப்பாக்கள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் செங்கா கேட்டாள்: "பூப்புனித நீராட்டுன்னா?"

"பாப்பா வயசுக்கு வந்துட்டா. அதச் சொல்றாங்க."

"பஸ் ஸ்டாண்டுக்கா?"

"ஊருக்கு."

"எங்க ஊர்ல இவ்வளவு பெரிய போட்டோ எலெக்ஷனுக்கு மட்டுந்தான்." பிறகு மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க இவளுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"நான் அத்தை முறை."

"அப்ப நீங்கதான் செங்கா! அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"மஞ்சத் தண்ணி ஊத்தினேன்" என்றேன்.

தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து, பந்தலில் எல்லோரும் சாப்பிடப் போனதும், அவளே அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாலை கழுத்தை அறுக்கிறது என்று முதலில் அதைக் கழற்றி வைத்தாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சீர்த் தட்டில் முதல் தட்டைத் தூக்கியவள் நிவேதா. தாய்மாமன் மகள் தூக்க வேண்டும் என்பது முறை. அன்றைக்கு அவளுக்குத் 'தேதி' என்று நாத்தனாருக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கல் ஷாப்பில், "தள்ளிப்போடுற மாத்திரை குடுங்க, கோயிலுக்குப் போகணும்" என்றால் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். கல்யாணம், திருவிழா, குலதெய்வப் பொங்கல், எல்லாவற்றுக்கும் பெண்கள் போட்டு வந்ததுதான். நாத்தனார் நிவேதாவுக்கு வாங்கிக் கொடுத்தது எனக்கும் தெரியும். நான் ஒன்றும் நினைக்கவில்லை. பின்னால் உதவும் என்று கூடுதலாகச் சில அட்டைகளை அவள் கைப்பையில் போட்டது மட்டும் எனக்குத் தெரியாது.

நிவேதாவுக்கு மாதாமாதம் கடுமையாகப் போகும். அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். சுடிதாரில் கறை பட்டுவிடுமோ என்று இடைவேளைகூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாளாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த மாத்திரையைப் போட்டால் வராமல் நிற்கிறது என்று கண்டுகொண்டதும், அட்டை தீரும்வரை அவளாகவே போட்டிருக்கிறாள். தீர்ந்ததும் வந்தது. வந்தது நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளை சாப்பிடாமல் படுத்துக்கொண்டிருக்கிறாள், படியேற மூச்சு வாங்குகிறது, உதடு வெளுத்திருக்கிறது. என் மனசு போகாத இடம் இல்லை. அவள் பையைத் துழாவினேன். போனை எடுத்துப் பார்த்தேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. சமையலறை வாசலில் செங்கா வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிவேதா. சுவரில் சாய்ந்து நின்றாள், நிற்க முடியாமல்.

"அக்கா, அடுப்பை அணைங்க" என்றாள் செங்கா. அணைத்தேன். "நிவி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என்கிட்ட காலையில சொன்னா. அது அவளோடது. நான் சொல்ல மாட்டேன், அவதான் சொல்லுவா. ஆனா இன்னைக்கே சொல்லணும்னு நான் சொன்னேன். முடியுற வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

நிவேதா சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சடங்கு, மாத்திரை, அட்டை, பள்ளிக்கூடம், அப்புறம் இத்தனை நாளாக நிற்காதது. "அத்தை மேல கோவப்படாதம்மா. நாந்தான் தொடர்ந்து போட்டேன்."

நான் வாயைத் திறந்துவிட்டேன். "ஏன்டி எங்கிட்ட சொல்லல? நான் உசுரோட இருக்கேனா இல்லியா? வீட்டுல அம்மான்னு ஒருத்தி எதுக்குடி இருக்கா?" இன்னும் என்னென்னவோ. என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிள்ளையின் முகம் மூடிக்கொண்டே போவது மட்டும் தெரிந்தது.

செங்கா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அக்கா, வெளிய போயிட்டு வாங்க."

இந்த முறை சிரிப்பு இல்லை. போனேன். கூடத்தில் நின்றேன். முருகன் படம், டிவி, அவள் பள்ளிக்கூடப் பை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கை தானாகப் பர்ஸை எடுத்தது. வாசலுக்கு வந்து, தெருமுனை ஆட்டோக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். திரும்ப உள்ளே போனபோது என்னிடம் கேள்வி எதுவும் மிச்சம் இல்லை. "வாம்மா, போவோம்" என்றேன். அதுவரை நின்றுகொண்டிருந்தவள் அப்போதுதான் சரிந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.

ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்காததற்கு இன்றைக்கும் நன்றி. நான்தான் பல ராத்திரிகளில் படுத்துக்கொண்டு அதை முடித்துக்கொண்டிருக்கிறேன்.

ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் குத்தாலத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். கட்டிலைப் பார்த்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். "என் கையால வெஷத்தக் குடுத்துட்டேனே" என்று அழுதவரைச் செங்காதான் வெளியே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். "வெஷம் இல்லைங்க. மாத்திரைதான். டாக்டரைக் கேட்டுட்டுப் போடணும், அவ்வளவுதான். நீங்க அவமேல பாசமா இருக்கீங்க. அவளுக்கு என்ன ஆகுதுன்னு யாருக்கும் தெரியல, அதான் கஷ்டம்." நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவ என்ன, நம்மள விட நல்லாத் தமிழ் பேசுறா" என்றார்.

மாத்திரை மட்டும் காரணமாக இருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். சிலருக்கு ரத்தம் உறைவதிலேயே ஒரு குறை உண்டு, பரம்பரையாக வரும், முதல் மாதத்திலிருந்தே அளவுக்கு மேல் போகும் என்றார். "வீட்டுல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"இல்லங்க" என்றேன் உடனே. அவர் நகர்ந்தார்.

கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செங்கா என்னையே பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் என் சொந்த விஷயமாக ஒரு கேள்வியும் கேட்டதில்லை. என் சம்பளம், என் கணவர், ஏன் ஒரே பிள்ளை, எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு?"

எனக்கு என்ன? எனக்கும் அப்படித்தான். கல்லூரியில் படிக்கும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு விடியுமுன் வாய்க்காலுக்கு ஓடியிருக்கிறேன். நிவேதா பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அடுத்த பிள்ளை வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம். மாமியாரிடம் வேறு ஏதோ சொன்னேன். இப்போதும், இந்த நாற்பத்தேழு வயதிலும், ஆபீஸில் கறுப்புப் புடவை நாள் என்று எனக்கு உண்டு. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் சத்தம் போடாமல் சமாளிக்கிறார்கள், நாமும் சமாளிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

சொல்லிவிட்டேன். நாத்தனாரும் நின்றிருந்தார், நர்ஸும் நின்றிருந்தார், எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

"அம்மா, உனக்குமா?" என்றாள் நிவேதா. ஊசி குத்திய கையை மெல்ல நகர்த்தி என் புடவையைத் தொட்டாள். "உனக்கு ஒண்ணுமே ஆகாது, நான்தான் தாங்க மாட்டேங்குறேன்னு நெனச்சேன்."

நாத்தனார் என்னைப் பார்த்து, "ஏன் அண்ணி, இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்து, செங்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

செங்கா போய் டாக்டரம்மாவைக் கையோடு அழைத்து வந்தாள்.

பரிசோதனையில் இரண்டு பேருக்கும் அதே குறை என்று வந்தது. பெரிய நோய் இல்லை. தெரியாமல் இருந்தால்தான் ஆபத்து. அந்த நாட்களுக்கு மாத்திரை இருக்கிறது, பல் பிடுங்கினால்கூட முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவே. இப்போது அம்மாவும் மகளும் ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வருகிறோம். குத்தாலத்தில் நாத்தனார் தன் மகளிடம் வாரம் ஒருமுறை, "எல்லாம் சரியா இருக்கா? எங்கிட்ட சொல்லணும்" என்று போலீஸ்காரர் போல விசாரிக்கிறாராம். அது பயந்துகொண்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறதாம். போகப் போகப் படியும்.

படிப்பு முடிந்து செங்கா திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது, பைக்குள் புளியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்தன. எதிர்வீட்டு அம்மாள் கடுகுப் பொட்டலம் ஒன்று கொடுத்து, அங்கே போயாவது தாளித்துச் சாப்பிடச் சொன்னார். பிள்ளைகள் அழுதார்கள். அவள் அழவில்லை. ஒவ்வொருவருக்கும், "போன் பண்ணுங்க, கேளுங்க" என்றாள். மறுபடி அந்தத் தகரக் கூடத்துக்கே வேலைக்குப் போய்விட்டாள்.

போன மாதம் அவளிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம், பிள்ளைகள் சத்தம்.

"அக்கா, நம்ம கதைய இங்க பசங்ககிட்ட சொன்னேன். பேர் சொல்லல, ஊர் சொல்லல. ஒரு அம்மா, ஒரு பொண்ணு, அவ்வளவுதான். எல்லாரும் கேட்டாங்க. கடைசியில ஒரு பொண்ணு, பதினஞ்சு வயசு, எழுந்து கேட்டா: அந்த அம்மாவுக்கு எவ்வளவு நேரம் கோபம் இருந்துச்சு? எனக்குப் பதில் தெரியல அக்கா. நீங்கதான் சொல்லணும். அவ இங்கதான் உக்காந்திருக்கா."

சாம்பார் கரண்டியோடு நின்றுகொண்டு அதை இரண்டு முறை கேட்டேன். யார் பெற்ற பிள்ளையோ. என்ன பாரத்தைச் சுமந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறதோ.

"இங்கிலீஷ்ல நான் சொல்லட்டாம்மா?" என்றாள் நிவேதா. வேண்டாம் என்றேன். தமிழிலேயே சொல்கிறேன், செங்கா அந்தப் பிள்ளைக்கு மொழிபெயர்த்துக் கொள்ளட்டும். போனை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டேன்.

"கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். கோபம் வந்துச்சு, நல்லா கத்தினேன். உங்கம்மாவும் கத்துவாங்க. கத்திக்கிட்டேதான் ஆட்டோவக் கூப்பிடுவாங்க. நீ இன்னைக்கே போயி சொல்லிடும்மா."